ஆயில் சீல் கசிவு (பி-சீரீஸ் எஞ்சின்)

ஆயில் சீல் கசிவு என்பது, எஞ்சினுக்குள் சுழலும் தண்டு வெளியே தலைநீட்டும் இடத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையம் தேய்ந்தோ இறுகியோ போய், எண்ணெய் வெளியேறும் பழுது. கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையும் பின்முனையும் இதற்குப் பேர்போன இடங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு சேர்த்தே இப்பழுது பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் அத்தகைய கார்கள் அரிது என்றாலும் அவற்றின் எஞ்சின் ஊர் ஊராக ஓடியிருக்கிறது. 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சி.சி. எஞ்சினும் இந்தியாவின் அம்பாசிடர் காரின் எஞ்சினும் பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பம். எம்ஜிஏவுக்கு இரட்டைக் கார்புரேட்டர், அம்பாசிடருக்கு ஒன்று. எண்ணெய் ஒழுகும் இடங்களில் வேறுபாடு இல்லை.

எஞ்சினின் வரலாறு

பி-சீரீஸின் மூதாதை, 1947இல் ஆஸ்டின் ஏ40 காருக்காக உருவான 1200 சி.சி. எஞ்சின். 1952இல் ஆஸ்டினும், மாரிஸ், எம்ஜி ஆகியவற்றை வைத்திருந்த நஃபீல்டு குழுமமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. இரு தரப்பு கார்களுக்கும் பொதுவாக 73.025 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட 1489 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. குடும்பக் கார், வேன், ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றுக்கும் இதுவே. எம்ஜிஏ மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் தயாராகி, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது.

பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் தொடங்கப்பட்டு, பின்னர் கொல்கத்தா அருகே உத்தரபாராவில் ஆலை அமைத்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் அச்சில் 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசிடரில் முதலில் இருந்தது பழைய பக்கவால்வு எஞ்சின். விரைவிலேயே அதன் இடத்தில் பி-சீரீஸ் வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இங்கிலாந்திலோ, எம்ஜிபி காரில் இதன் கன அளவை 1798 சி.சி. ஆக்கி, 1964இல் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தி, பின்முனைக்கு ரப்பர் சீலும் கொடுத்துவிட்டார்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கு அந்த நல்லகாலம் வரவில்லை.

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டும் இதே கதைதான். அதன் 948 சி.சி. எஞ்சின், 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கு அண்ணன். இந்த வகை எஞ்சினில், அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் முன்பக்கத்தை அடைக்கும் அலுமினியக் கட்டையின் இரு ஓரங்களிலும் சிறு மர ஆப்பு அடித்து, நீட்டிய மிச்சத்தை மட்டமாகச் சீவிவிடுவார்கள். தொழிற்சாலையின் முறையே அதுதான். மரம் எண்ணெயில் ஊறி உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் ஒழுக்கு நிற்காது.

சீல்களின் வகைகள்

மிகப் பழைய வகை கம்பளி வளையமும் கயிறும். ஜாக்குவாரின் பிற்கால எக்ஸ்கே எஞ்சின்களில் பின்முனைக்குக் கயிறுதான். அடுத்தது தோல் சீல். 1930களில் ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் வட்டச் சுருள்வில் பொருத்திய சீலை உருவாக்கினார். எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வந்ததும் தோல் ஒதுங்கியது. இன்று கடையில் வாங்கும் கறுப்பு சீல் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். வைட்டான் சீல் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும், விலை கூடுதல்.

இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது திருகுத்தடம். பி-சீரீஸின் பின்முனையில் இருப்பது இதுதான். அங்கே ரப்பரோ கயிறோ கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டின் மேலேயே ஒரு மரை வெட்டப்பட்டிருக்கும். சுழலும்போது அது எண்ணெயை எஞ்சினுக்குள்ளேயே திருப்பித் தள்ளும். தண்டுக்கும் சுற்றியுள்ள மூடிக்கும் இடையே மிக மெல்லிய இடைவெளி மட்டும் உண்டு. எதிலும் உரசாததால் இது தேய்வதில்லை. மாற்றுவதற்கான உதிரிபாகமும் இல்லை. எஞ்சின் நின்றதும் வேலை செய்வதை நிறுத்திவிடும் என்பதே இதன் குறை. மெயின் பேரிங் தேய்ந்தால் தண்டு கீழே இறங்கி, இடைவெளி ஒரு பக்கம் அகலும். அப்போது ஓடும்போதும் ஒழுகும். திருகுத்தடம் உள்ள இடத்தில் ரப்பர் சீல் போட மாற்றுத் தொகுப்புகள் வெளிநாட்டில் விற்கப்படுகின்றன. நல்ல பேரிங் உள்ள எஞ்சினுக்கு அது வீண்செலவு.

மலைப்பாதையில்

திண்டுக்கல்–பழனி சாலையில் உள்ள ஒட்டன்சத்திரம், காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற சமவெளி ஊர். வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி வழியாகவோ, பழனி மலைச்சாலை வழியாகவோ இங்கிருந்து 2000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலுக்கு ஏறலாம். ஏற்றத்தில் காரின் முகம் மேலே தூக்க, சம்ப்பின் எண்ணெய் பின்னே சாய்ந்து திருகுத்தடத்தின் பக்கம் திரளும். சுமையோடு இழுக்கையில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவும் கூடும். அதை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் கிடைத்த வழியில் எண்ணெயை வெளியே தள்ளும். முகம் மேலே பார்க்க நிறுத்திய வண்டியின் அடியில் காலையில் எண்ணெய்ப் பொட்டு இருக்கும். இது பழுதல்ல, கீழ்நோக்கி நிறுத்தினால் போதும். எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் ஏறி, கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் மட்டும் எஞ்சினை இறக்கவேண்டியதுதான்.

கண்டறிதலும் சரிசெய்தலும்

பின்முனைக் கசிவு என்று பட்டறைக்கு வருவதில் பல, உண்மையில் மேலிருந்து வழிவது. வால்வு கவரின் கார்க் பேக்கிங்கும், எஞ்சின் பக்கவாட்டில் உள்ள டாப்பெட் கவர்களின் பேக்கிங்கும் ஒழுகினால், காற்று அதைப் பின்னே அடித்துக்கொண்டு போய்ப் பிளைவீல் உறையின் அடியில் சொட்டவைக்கும். எஞ்சினை டீசலால் கழுவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவி, சற்று ஓடவிட்டுப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். கழற்றுவதற்கு முன் பிரீதரைச் சுத்தம் செய்வது முதல் வேலை.

முன்முனை சீலை எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். ரேடியேட்டரையும் பெல்ட்டையும் எடுத்து, பெரிய நட்டின் மடக்கிய வாஷரை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டுப் புல்லியை இழுக்கவேண்டும். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் கோக்கும் பல் இந்த நட்டில்தான் இருக்கும். டைமிங் கவரைக் கழற்றியதும் உள்ளே குழிந்த தட்டு ஒன்று வரும். அதுதான் ஆயில் துரோயர். ‘எஃப்’ எழுத்து பொறித்திருந்தால் அது வெளியே பார்க்கவேண்டும். புது சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம் திரும்பியிருக்க, மரக்கட்டை வைத்து ஒரே மட்டமாகத் தட்டி இறக்கவேண்டும். உதட்டில் எண்ணெய் தடவாமல் போட்டால் முதல் சில சுற்றிலேயே கருகும்.

கவரின் போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, புல்லியைச் செருகி, சீல் தண்டின் நடுவில் உட்கார்ந்த பிறகே இறுக்கவேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிடுவதால்தான் புது சீலும் ஒரு பக்கம் நசுங்கி மீண்டும் ஒழுகுகிறது. சீலைக் குறைசொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. புல்லியில் பழைய சீல் உரசிப் பள்ளம் விழுந்து, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டால், மெல்லிய எஃகு உறை மாட்டவேண்டும். அல்லது லேத்தில் கொடுத்து மேற்பரப்பைச் சரிசெய்ய வேண்டும். பேக்கிங் பசையைத் தாராளமாகப் பூசுவதும் கெடுதல்: பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும்.

இன்றைய நிலை

1992இல் 1817 சி.சி. இசுசு எஞ்சின் வந்தபின் பி-சீரீஸ் பின்தங்கியது. 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனது. எம்ஜி கார்களுக்காக இங்கிலாந்தில் பி-சீரீஸ் சீல்களும் பேக்கிங்குகளும் இன்றும் விற்பனைக்கு உள்ளன.