வீட்டு கேக் தொழில்

வீட்டு கேக் தொழில் என்பது, குடியிருக்கும் வீட்டின் அடுக்களையிலேயே கேக், பிரவுனி, குக்கீஸ் போன்றவற்றை முன்கூட்டி வரும் ஆர்டருக்கு மட்டும் செய்து விற்கும் சிறுதொழில். கடை கிடையாது, கண்ணாடி அலமாரி கிடையாது, செய்து வைத்துவிட்டு வாங்க வருபவருக்காகக் காத்திருப்பதும் கிடையாது. இதைச் செய்பவரைப் பேச்சு வழக்கில் ‘ஹோம் பேக்கர்’ என்கிறார்கள். ‘அடுமனை’ என்ற நல்ல தமிழ்ச்சொல் கடைகளின் பெயர்ப்பலகையில் ஏறியதோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்காக ஆசையாக ஒரு கேக் செய்து, அதைச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரர் “எனக்கும் ஒன்று செய்து தர முடியுமா?” என்று கேட்டதில் தொடங்கியது என்பதே பலரும் சொல்லும் கதை.

முன்னோடிகள்

வீட்டில் செய்து விற்பது தமிழருக்குப் புதிதல்ல. சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் பக்கம் கல்யாணச் சீர் முறுக்கும் அதிரசமும் போட்டுக் கொடுக்கும் மாமிகள் உண்டு. காரைக்குடிப் பக்கம் சீப்புச் சீடையும் தேன்குழலும் செய்து தரும் ஆச்சிகள் உண்டு. மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’, வீட்டுக் கைப்பக்குவத்தைப் புத்தகமாகவும் விற்கலாம் என்று காட்டியது. ஆனால் பட்சணத் தொழிலுக்கும் கேக் தொழிலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பட்சணம் செய்தவர்களில் பலரைத் தொழிலுக்குத் தள்ளியது குடும்பத் தேவை. கைப்பக்குவம் பாட்டியிடமிருந்து வந்தது. கேக்கில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை மகள் தானே தேடிப்போய்க் கற்றுக்கொள்கிறாள். விருப்பம் முதலில் வருகிறது, வியாபாரம் பிறகு வருகிறது. இந்தத் தொழிலின் பலம், பலவீனம் இரண்டும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவது 1883-இல் தலசேரியில் மம்பள்ளி பாபு செய்தது. அன்று தலசேரி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைச் சுவைத்துப் பார்த்து, அதேபோல் ஒன்றை பாபு செய்து கொடுத்தார் என்பது வரலாறு. கேக் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது வெகு காலம் கழித்துத்தான். குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, விசில் போடாமல் வேகவைத்த கேக்கும், மூடியில் சின்னக் கண்ணாடி வைத்த வட்ட அலுமினிய மின் அடுப்பில் செய்த கேக்கும் ஒரு தலைமுறையின் நினைவு. செய்முறை பெண்கள் இதழ்களின் இணைப்புப் புத்தகத்திலிருந்து வந்தது. பின்னால் அந்த இடத்தை யூடியூப் பிடித்துக்கொண்டது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கில் பிறந்தநாட்கள் வீட்டோடு முடிந்தன. நேரம் கையில் இருந்தது. அந்த ஆண்டில் அடுப்பு வாங்கியவர்களில் பலர் இன்று தொழிலில் இருக்கிறார்கள். வேறு பலரது வீட்டுப் பரணில் அந்த அடுப்பு இருக்கிறது.

கருவியும் கைப்பக்குவமும்

தொடக்கத்துக்குத் தேவையானவை குறைவு: ஓ.டி.ஜி. எனப்படும் மேசை அடுப்பு, கிராம் கணக்குக் காட்டும் எடைக்கருவி, கையில் பிடிக்கும் பீட்டர், சுழலும் மேடை, பைப்பிங் பைகள், சில நாஸில்கள். இவற்றுள் பலர் கடைசியாக வாங்குவது எடைக்கருவி. முதலில் வாங்க வேண்டியது அதுதான். சாம்பாரில் கண்ணளவு செல்லும், கேக்கில் செல்லாது. சோடா உப்பு பொங்குவதற்குத் தயிரோ வினிகரோ போன்ற புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு முன்பே கலந்திருக்கிறது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அதே அளவில் போட்டால் ஸ்பாஞ்ச் எழாது அல்லது சோப்புச் சுவை வரும்.

தமிழ்நாட்டின் வெயில் தனிப் பாடம். வெண்ணெய்க் கிரீம் சித்திரை வெயிலில் நிற்காது. வெண்ணெயே 35 டிகிரிக்குள் இளகிவிடும். பாக்கெட்டில் கிடைக்கும் சாதாரண ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவே இருப்பதால் அடித்தாலும் நுரைத்து நிற்காது. ஆகவே இங்கே பலரும் நாடுவது பனைக் கொட்டை எண்ணெய்க் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம். சுவையில் பால் கிரீமுக்கு ஒரு படி கீழே. வெயில் தாங்குவதில் மேலே. பொம்மையும் பூவும் செய்யும் ஃபாண்டண்ட் என்ற சர்க்கரை மாவு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் சென்னைக் காற்றின் ஈரத்தில் வேர்த்துப் பிசுபிசுக்கும். மாதம் ஒரு நாள் வரும் பராமரிப்பு மின்தடையைக் காலை நாளிதழில் பார்த்துவிட்டே அடுப்பை மூட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். பாதி வெந்த ஸ்பாஞ்ச் மின்சாரம் போனால் நடுவில் குழிந்துவிடும், பிறகு எழாது.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். கிரீம் வாசனையை உறிஞ்சும். நேற்றைய மீன்குழம்பும் நறுக்கிய வெங்காயமும் இருக்கும் பெட்டியில் வெனிலா கேக்கை ஒரு இரவு வைத்தால், மறுநாள் வெட்டும்போது கேக் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்டர் வாரத்துக்கு மூன்றைத் தாண்டியதும் தொழிலுக்கென்று தனிப் பெட்டி வாங்குவது சரியான முதலீடு, இரண்டாவது அடுப்பைவிட.

பயிற்சிக்கு அரசுவழியிலும் வாய்ப்பு உண்டு. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், கேக், பேக்கரிப் பொருட்கள் தயாரிப்பில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் சுயதொழில் பயிற்சி இலவசம்; பயிற்சியோடு கடனுக்கு விண்ணப்பிக்கவும் உதவுவார்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம் உணவுப் பதப்படுத்தலில் ஆழமாகப் போக விரும்புபவருக்கு உரியது.

விலை

இத்தொழிலில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அடுப்பல்ல, கணக்கு. ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் கேக்குக்குப் பொருள் செலவு 320 ரூபாய், பெட்டி, போர்டு, மெழுகுவத்தி 80, மின்சாரம் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 420. விற்பது 800 ரூபாய்க்கு. கையில் நிற்பது 380. பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றும். இனி மணிக்கணக்கைப் பார்க்கலாம். சாமான் வாங்கப் போனது, ஸ்பாஞ்ச் வேகவைத்தது, ஆறவிட்டு அறுத்தது, கிரீம் பூசியது, பாத்திரம் கழுவியது, “கலர் கொஞ்சம் லைட்டா இருக்கட்டும்” என்று ஏழு முறை வந்த குறுஞ்செய்திக்குப் பதில் போட்டது எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரம். மணிக்கு 95 ரூபாய். அடுப்பின் தேய்மானம் இதில் இன்னும் கழியவில்லை. சரியாக எழும்பாமல் போய், வீட்டிலேயே மூன்று நாள் டீயோடு தீர்த்த கேக்கும் கழியவில்லை.

பிடித்த வேலை என்பதால் நேரத்துக்குக் கூலி போட மனம் வராது. வாங்குபவரும் அதற்கு ஒத்தாசை செய்வார்: “வீட்லதானே செய்றீங்க, என்ன பெரிய செலவு?” கடை வாடகை இல்லை என்பது உண்மை, கை உழைப்பு இலவசம் என்பது உண்மையல்ல. உறவுக்காரருக்கு ஒரு விலை, அடுக்குமாடித் தோழிக்கு ஒரு விலை என்று தொடங்கினால் நாளடைவில் எல்லாருமே தெரிந்தவராகிவிடுவார்கள். பழக்கப்பட்டவர்கள் இரண்டு வழக்கங்களைக் கைவிடுவதில்லை: அச்சிட்ட விலைப்பட்டியல், ஆர்டர் எடுக்கும்போதே பாதி அட்வான்ஸ். எடையிலும் ஒரு நேர்மை உண்டு. ஒரு கிலோ என்றால் போர்டும் பெட்டியும் கழித்த எடை. ஃபாண்டண்ட் பொம்மை ஏறினால் அதற்குத் தனி விலை.

கேக்கை இடம் சேர்ப்பது தனிக்கலை. அரைக் கிலோ பெட்டி இருசக்கர வாகனத்தில் பிழைக்கும். இரண்டடுக்கு கேக்குக்கு ஏசி ஓடும் கார் வேண்டும், மடியில் வைத்துப் பிடிக்க ஒரு ஆளும் வேண்டும். வேகத்தடைகளை வீட்டு பேக்கரைவிட நன்றாக அறிந்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநராக மட்டுமே இருக்கக்கூடும்.

சட்டம்

வீட்டில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் அது உணவுத் தொழில்தான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் அதற்கும் பொருந்தும். அதன்கீழ் 2011-இல் வந்த உரிம, பதிவு விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களைச் சிறு உணவுத் தயாரிப்பாளர்களாக வகுத்து, முழு உரிமத்துக்குப் பதில் எளிய பதிவு போதும் என்று வைத்தன. அந்த விதிகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பம் இணையத்தில், புகைப்படமும் அடையாள, முகவரிச் சான்றுகளும் போதும். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் போட வேண்டும். ஒரு நல்ல புடவையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத இந்தப் பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். அதற்கான காரணம் செலவு அல்ல. அலுவலகம் என்றாலே வரும் தயக்கம்.

பலருக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி: இந்திய உணவுச் சட்டத்தின்படி முட்டை சேர்த்த கேக் அசைவம். அதன் பெட்டியில் பச்சைப் புள்ளி போடக்கூடாது. பழுப்பு முக்கோணக் குறிதான் வரும். எக்லெஸ் கேட்பவர்கள் இங்கே கணிசமாக இருப்பதால் இது வெறும் காகித விஷயமல்ல. ஒரே பீட்டரை இரண்டுக்கும் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்பவர் உண்டு, அவருக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். நிறத்திலும் கவனம் தேவை. உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான், அவற்றுக்கும் அளவு உண்டு. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்த பிறகு, சிவப்பு வெல்வெட் கேக்கைப் பார்த்தே பெற்றோர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மினுமினுப்புத் தூளில் ‘நச்சில்லாதது’ என்று எழுதியிருந்தால் ‘உண்ணத்தக்கது’ என்று பொருளாகாது.

சரக்கு விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு தமிழ்நாட்டுக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் என்பதால், ஒரு அடுக்களையால் அதைத் தொடுவது கடினம். குறு, சிறு தொழில்களுக்காக 2020 ஜூலை 1 முதல் இருக்கும் உத்யம் பதிவு இலவசம். வங்கிக் கடனுக்குப் போகும்போது கைகொடுக்கும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்க அது போதும். பலர் அதற்கும் போவதில்லை. தங்க வளையல்தான் இன்னும் முதல் வங்கி. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எந்தப் பதிவையும்விட முக்கியம்.

விருப்பம் என்ன ஆகிறது?

பட்சணக்காரருக்கு ஆடியும் மார்கழியும் ஓய்வு, முகூர்த்தம் இல்லை. பிறந்தநாளுக்கு அந்த வசதி கிடையாது. ஆடியிலும் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள், மார்கழியில் கிறிஸ்துமஸும் புத்தாண்டுமே வந்துவிடுகின்றன. வெட்டுவது இரவு 12 மணிக்கு என்பதால் பெட்டி போய்ச் சேர வேண்டியது 11 மணிக்கு. வீட்டில் மற்றவர்களுக்கு விடுமுறையான சனி, ஞாயிறுதான் இவருக்கு வேலைநாள். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கடையில் கேக் வாங்கிய வீட்டு பேக்கர்கள் உண்டு என்பதை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

இன்னொன்று, செய்யப் பிடிப்பதும் விற்பதும் ஒன்றாக இருப்பதில்லை. புளித்த மாவு ரொட்டியிலும் பாதாம் மாவு கேக்கிலும் ஆசை வைத்து வந்தவர், சாக்லேட் டிரஃபிளையும் பட்டர்ஸ்காட்சையும் நூறாவது முறையாகச் செய்துகொண்டிருப்பார். வாடிக்கையாளர் இணையத்தில் எடுத்த படத்தை அனுப்பி “இதே மாதிரி” என்பார். அந்தப் படம் வேறொருவரின் கற்பனை. அதில் இருப்பது புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரம் என்றால் பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. இதற்குச் சிலர் கண்ட வழி, மாதத்தில் ஒரு வார இறுதியைத் தங்களுக்குப் பிடித்த ஒரே பண்டத்துக்கு ஒதுக்கி, பத்துப் பெட்டி மட்டும் அறிவித்து விற்பது. விற்றால் பட்டியலில் ஏறும், விற்காவிட்டால் அது பொழுதுபோக்காகவே இருக்கும். அதிலும் தவறில்லை. எல்லா ஆசைக்கும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை.

சிலர் வகுப்பெடுக்கத் தொடங்குகிறார்கள். கிரீம் உருகாத, கெட்டுப்போகாத சரக்கு அது. ஆனால் எட்டுப் பேருக்குக் கற்றுக்கொடுத்தால் அவர்களில் இரண்டு பேராவது அதே தெருவில், 50 ரூபாய் குறைத்து, ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள்.

வீட்டைவிட்டு வெளியே போனவர்களும் உண்டு. சென்னையின் பாட்ரிசியா நாராயண் கேக்கில் அல்ல, ஊறுகாயிலும் ஜாமிலும் தொடங்கினார். வீட்டில் செய்து விற்ற அந்த அனுபவத்தோடு 1982-இல் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டி போட்டார். பின்பு கேன்டீன்களும் உணவகங்களும் நடத்தி, 2010-இல் ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருதைப் பெற்றார். கேக்கில் அந்தத் தாவலுக்கு வாடகை, வணிக மின் இணைப்பு, பெரிய டெக் அடுப்பு, சம்பளத்துக்கு ஆள், தினமும் நிரம்ப வேண்டிய அலமாரி எல்லாம் வேண்டும். ஆர்டருக்கு மட்டும் செய்தபோது இல்லாத ஒன்று அங்கே புதிதாக வருகிறது: இரவில் மிஞ்சும் கேக். கடை போட்டு ஓராண்டில் மூடிவிட்டு வீட்டு அடுக்களைக்கே திரும்பி, வாரத்துக்கு நான்கு ஆர்டர் என்று எல்லை வகுத்துக்கொண்டவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். ஐந்தாவதாகக் கேட்பவருக்கு அவர்கள் சொல்லும் பதில், அடுத்த சனிக்கிழமை.