மெக்கார்ட்னி (இசைத்தொகுப்பு)

மெக்கார்ட்னி என்பது ஆங்கிலப் பாடகரும் பாடலாசிரியருமான பால் மெக்கார்ட்னி தனித்து வெளியிட்ட முதல் பாப் ராக் இசைத்தொகுப்பு. அவர் இடம்பெற்றிருந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் நிறுவனம் 1970 ஏப்ரல் 17 அன்று பிரிட்டனில் இதனை வெளியிட்டது. ஏறத்தாழ 35 நிமிடம் ஓடும் இத்தொகுப்பில் 13 உருப்படிகள் உள்ளன. மனைவி லிண்டா பாடிய துணைக்குரல் நீங்கலாகப் பாட்டு, கிட்டார், பேஸ், பியானோ, டிரம்ஸ் அனைத்தும் மெக்கார்ட்னியே.

பின்னணி

1969 செப்டம்பரில் ஜான் லெனன் தாம் குழுவை விட்டு விலகுவதாகச் சக கலைஞர்களிடம் கூறினார். தொழில் நலன் கருதி அது வெளியே சொல்லப்படவில்லை. குழு உண்மையில் முடிவுற்றது அப்போதுதான். ஆலன் கிளைனை மேலாளராக லெனன், ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய மற்ற மூவரும் ஏற்க, மெக்கார்ட்னி மட்டும் மறுத்துவந்தார். சோர்ந்துபோய்ச் சில காலம் ஸ்காட்லாந்திலிருந்த தம் பண்ணையில் ஒதுங்கியிருந்தவர், ஆண்டிறுதியில் லண்டன் திரும்பிப் பதிவைத் தொடங்கினார்.

ஒலிப்பதிவு

செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியிலுள்ள அவரது வீட்டில் ஸ்டூடர் நிறுவனத்தின் நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்று வைக்கப்பட்டது. கலவை மேசை கிடையாது. ஒலியின் அளவைக் காட்டும் முள்மானியும் கிடையாது. மைக்கை நேரே கருவியின் பின்புறத்தில் செருகிப் பதிவு செய்தார். ஒலி மிகுந்து சிதைகிறதா என்றறியச் சிறிது வாசித்துப் பதிந்து, திரும்ப ஓடவிட்டுக் கேட்பதே ஒரே வழி. டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக் என்பதால், தாளத்தட்டின் ஓசை குறைந்தால் மைக்கையே அதனருகே நகர்த்திவைத்தார். ஒலிச்சமநிலையெல்லாம் மைக் நிற்கும் இடத்தில்தான்.

கருவியைச் சோதிக்க முதலில் பதிவான ‘தி லவ்லி லிண்டா’ ஒரு நிமிடத்தைக்கூட எட்டாத பாடல். முதல் தடத்தில் குரலும் கிட்டாரும், இரண்டாவதில் இன்னொரு கிட்டார், மூன்றாவதில் புத்தகத்தின்மேல் கையால் தட்டிய தாளம், நான்காவதில் பேஸ். அறைக்கதவு கிறீச்சிடும் ஓசையும் முடிவில் எழும் சிரிப்பும் நாடாவில் பதிந்தன. அவை நீக்கப்படவில்லை.

நான்கு தடங்கள் போதாதபோது வீட்டுப் பதிவுகள் வில்ஸ்டனிலுள்ள மோர்கன் கூடத்தில் எட்டுத் தட நாடாவுக்கு மாற்றப்பட்டன. செய்தி கசியாதிருக்க ‘பில்லி மார்ட்டின்’ என்ற புனைபெயரில் கூடம் எடுக்கப்பட்டது. ‘எவ்ரி நைட்’, ‘மேபீ ஐயம் அமேஸ்டு’, ‘மேன் வீ வாஸ் லோன்லி’ ஆகியவை 1970 பிப்ரவரியில் அபே ரோட்டிலுள்ள இஎம்ஐ கூடத்தில் பதிவாயின.

உருப்படிகளின் வகைப்பாடு

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. கையிருப்பில் இருந்தவை. ‘ஹாட் ஆஸ் சன்’ அவரது பதின்பருவ மெட்டு. ‘ஜங்க்’, ‘டெடி பாய்’ இரண்டும் 1968இல் பீட்டில்ஸ் தியானம் பயில ரிஷிகேசம் வந்திருந்தபோது உருவாகத் தொடங்கியவை. ‘டெடி பாய்’ 1969 ஜனவரியில் குழுவாக ஒத்திகை பார்த்துக் கைவிடப்பட்டது.

2. புதிதாக எழுதியவை. இவற்றுள் தலையானது லிண்டாவை நினைத்து எழுதிய ‘மேபீ ஐயம் அமேஸ்டு’. பியானோவில் தொடங்கி உரத்த குரலுக்கு ஏறும் இப்பாடலே தொகுப்பின் மகுடம்.

3. வாசித்துக்கொண்டே உருவாக்கியவை. ‘வாலன்டைன் டே’, ‘மம்மா மிஸ் அமெரிக்கா’ போன்ற கருவியிசைகள் இவ்வகை. ‘கிளாசஸ்’ பகுதியில் மதுக்கிண்ணங்களின் விளிம்பைத் தேய்த்து எழுப்பிய ஒலி கேட்கும். இறுதியிலுள்ள ‘கிரீன் அக்ரோர்’ பிரேசில் பழங்குடியினர் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படத்தைப் பார்த்தபின் செய்தது.

வெளியீட்டுத் தகராறு

ஆப்பிள் நிறுவனம் ரிங்கோ ஸ்டாரின் தனித்தொகுப்பையும் குழுவின் ‘லெட் இட் பீ’யையும் அதே பருவத்தில் வெளியிட இருந்தது. இத்தொகுப்பின் தேதியைத் தள்ளிவைக்கக் கோரும் லெனன், ஹாரிசன் ஆகியோரின் கடிதத்துடன் ஸ்டார் மெக்கார்ட்னியிடம் நேரில் சென்றார்; மெக்கார்ட்னி கோபத்துடன் அவரை வெளியேற்றினார். பின்னர் ஸ்டாரின் பரிந்துரையால் பழைய தேதியே நிலைத்தது. விமர்சகர்களுக்கு அனுப்பிய படிகளுடன் கேள்வி பதிலாக ஓர் அறிக்கையும் இருந்தது. அதில் லெனனுடன் மீண்டும் சேர்ந்து எழுதும் எண்ணமில்லை என்றிருந்தார். ஏப்ரல் 10 அன்று டெய்லி மிரர் நாளிதழ் அவர் குழுவிலிருந்து விலகியதைத் தலைப்புச் செய்தியாக்கியது. பிரிவின் பழி முழுவதும் அநியாயமாக அவர் தலையில் விழுந்தது.

வரவேற்பு

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடம் பெற்றது. பிரிட்டனில் சைமன், கார்ஃபங்கல் இருவரின் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்’ வழிவிடாததால் இரண்டாமிடத்தில் நின்றது. தனிப்பாடல் தட்டு எதுவும் வெளியிடப்படவில்லை. பீட்டில்ஸின் ‘அபே ரோட்’ தொகுப்பின் மெருகைக் கேட்டுப் பழகிய விமர்சகர் பலர் இதனை அரைகுறை வேலை என்றனர். ‘மேபீ ஐயம் அமேஸ்டு’ மட்டும் பரவலாகப் பாராட்டப்பட்டது. ஹாரிசன் இரு பாடல்களைப் புகழ்ந்து மற்றவற்றைச் சுமார் என்றார். லெனன் முற்றாக நிராகரித்தார். எளிமையையே இலக்காகக் கொண்ட ஒரு முயற்சியை ஆடம்பரத்தின் அளவுகோலால் அளந்ததே அன்றைய பிழை.

பிற்காலம்

‘மேபீ ஐயம் அமேஸ்டு’ பாடலின் மேடைப்பதிவு 1977இல் அமெரிக்காவில் பத்தாமிடம் பெற்றது. வீட்டுப் பதிவுகள் பெருகியபின் தொகுப்பின் மதிப்பு உயர்ந்தது. 2011இல் மறுவெளியீடு வந்தது. பெரும்பாலும் தாமே வாசித்துப் பதிவு செய்யும் இதே முறையில் ‘மெக்கார்ட்னி 2’ (1980), ‘மெக்கார்ட்னி 3’ (2020) ஆகியவையும் வெளிவந்துள்ளன.