வீட்டு வாசலில் காருக்குப் பெயிண்ட் அடித்த காலம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற பழைய கார் பட்டறைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துப் பாருங்கள். 'டிங்கரிங், பட்டி, டூகோ பெயிண்டிங்' என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கும். டிங்கரிங் என்றால் நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துவது. பட்டி என்றால் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்குவது. டூகோ என்றால்? பட்டறைக்காரரைக் கேட்டால், "அது பெயிண்ட்டுப் பேரு சார்" என்பார். மர பீரோவுக்குப் பளபளவென்று அடிப்பதையும் இப்போது டூகோ என்றுதான் சொல்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர், நம் ஊரில் பொதுப்பெயராகிவிட்டது.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. எண்பதுகளில் அம்பத்தூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் தங்கள் காருக்கு வீட்டு வாசலிலேயே பெயிண்ட் அடித்தார்கள். அதில் நானும் ஒருவன். இன்றைக்கு அதே தெருவில் முப்பது கார்களாவது நிற்கின்றன. ஒருவரும் வீட்டில் பெயிண்ட் அடிப்பதில்லை. அன்றைக்கு அது எப்படி முடிந்தது, இன்றைக்கு ஏன் முடியவில்லை?

முதலில் கார் வருவதற்கு முந்தைய காலத்தைப் பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் கார் பாடி கட்டுகிறவரை 'கரோசியே' என்பார்கள். 'கரோஸ்' என்றால் குதிரை பூட்டிய கோச்சு வண்டி. கார் வந்த பிறகும் பழைய பெயரே தொடர்ந்தது. காரணம், கார் பாடி கட்டியவர்களும் பெயிண்ட் அடித்தவர்களும் அதே கோச்சு வண்டிக்காரர்கள்தான். நம் சென்னையிலும் அப்படியே. 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி கோச்சு வண்டிகளைக் கட்டிப் பெயர் வாங்கியது. 1903இல் அங்கேதான் ஒரு நீராவிக் காரும் உருவானது.

கோச்சு வண்டிக்குப் பெயிண்ட் என்பது எண்ணெயும் ஈய வெள்ளையும் வார்னிஷும். ஒரு கோட்டு அடித்து, நாள் கணக்கில் காயவிட்டு, நுரைக்கல்லால் தேய்த்து, மறுபடி ஒரு கோட்டு. இப்படிப் பல கோட்டு. ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். மகாராஜாவின் வண்டிக்கு அது சரி. நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கார் செய்யக் கிளம்பிய ஹென்றி ஃபோர்டுக்குச் சரிப்படுமா? 1914 முதல் 1925 வரை அவருடைய மாடல் டி கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. அந்தக் கறுப்பு, தாரின் உறவுக்கார எனாமல். உதிரிபாகங்களில் அதைப் பூசி, பெரிய உலைகளில் வைத்துச் சுட்டுக் காயவைத்தார்கள். உலை வைத்திருப்பவன் மட்டுமே அடிக்கக்கூடிய பெயிண்ட் அது.

இங்கேதான் டூகோ வருகிறது. அதைச் செய்தது டூபான்ட் கம்பெனி. அதைத் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், எலுத்தேர் இரேனே துய்போன். வேதியியலின் தந்தை என்று சொல்லப்படும் லவுவாசியேவிடம் வெடிமருந்துத் தொழில் பழகியவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவுக்குக் குடிபோய், 1802இல் டெலவரில் வெடிமருந்து ஆலை வைத்தார். நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் குடும்பத்தின் தொழில் துப்பாக்கி மருந்துதான்.

துப்பாக்கி மருந்துக்கும் கார் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்? பஞ்சுதான் சம்பந்தம். சாதாரணப் பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் தோய்த்து எடுத்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் ஆகிறது. பார்க்கப் பஞ்சு போலவே இருக்கும். பற்ற வைத்தால் கண் இமைப்பதற்குள் எரிந்துவிடும். சான்பைன் என்ற வேதியியலர் 1846இல் இதை உலகுக்கு அறிவித்தார். பிரெஞ்சில் இதற்கு 'ஃபுல்மிகோத்தோன்', அதாவது வெடிபஞ்சு என்று பெயர். ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய சந்திரப் பயணக் கதையில் பீரங்கிக்குள் நாலு லட்சம் பவுண்டு வெடிபஞ்சை வைத்துத்தான் மூன்று பேரை நிலாவுக்கு அனுப்புகிறார். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது, அதே சரக்கை ஒருநாள் என் வீட்டு வாசலில் காருக்கு அடிப்பேன் என்று நான் எங்கே கண்டேன்!

நம் நீலகிரி அருவங்காட்டில் இருக்கிற கார்டைட் தொழிற்சாலையின் மூலப்பொருளும் இதே வெடிபஞ்சுதான். அமிலத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துச் செய்தால் வேகம் அடங்கி, தின்னரில் கரையும். அப்படிக் கரைந்த சரக்கிலிருந்துதான் பழைய சினிமா ஃபிலிம் வந்தது. அந்த ஃபிலிம் சுலபத்தில் தீப்பிடிக்கும், இல்லாவிட்டால் தானே மக்கும். தமிழின் ஆரம்பகாலப் படங்கள் பல இன்று நம்மிடம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். பெண்கள் நகத்தில் பூசும் பாலிஷும் இதே குடும்பம்.

முதல் உலகப்போர் முடிந்ததும் வெடிமருந்து ஆலைகளுக்கு வேலை குறைந்தது. 1920 வாக்கில் டூபான்ட் ஆராய்ச்சிக்கூடத்தில், இந்தக் கரைசலைக் கெட்டியில்லாமல் நீர்க்கச் செய்ய ஒரு வழி கிடைத்தது. அதுவரை தேன் பாகு போல இருந்ததால் அதில் அதிகம் நிறம் சேர்க்க முடியவில்லை. நீர்த்த பிறகு நிறைய நிறமும் சேர்க்கலாம், துப்பாக்கி போன்ற ஸ்ப்ரே கன்னில் வைத்து அடிக்கவும் அடிக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதைத் தன் 1924 மாடல் ஓக்லண்ட் காருக்கு 'ட்ரூ புளூ' என்று நீல நிறத்தில் அடித்து விற்றது. வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று. ஃபோர்டின் கறுப்புக்கும் அதோடு முடிவு வந்தது.

தொழிற்சாலையில் வேகம் கூட்டச் செய்த இந்தப் பெயிண்டில், செய்தவர்கள் யோசிக்காத இன்னொரு குணம் இருந்தது. இதற்கு உலை வேண்டாம். தின்னர் ஆவியாகிப் போனால் போதும், பெயிண்ட் காய்ந்துவிடும். சந்தில், மரத்தடியில், வேப்பங்காற்றில்கூடக் காயும். அடித்தது சரியில்லை என்றால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். புதுக் கோட்டு பழைய கோட்டோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய முதலாளிக்காகக் கண்டுபிடித்தது ஏழைப் பட்டறைக்கும் எட்டியது.

பெயிண்ட் மட்டும் இருந்தால் போதுமா? பழைய காரைப் போற்றி வைத்துக்கொள்ளும் அவசியமும் வேண்டும். அது டெல்லியிலிருந்து வந்தது. 1949இல் முழுக் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1953இல், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் மூட்டை கட்டலாம் என்று அரசு சொல்லிவிட்டது. 1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. எஃகும் அணைக்கட்டும் முதலில், சொகுசு பிறகு என்பது அந்தக் காலத்து நியாயம். அதில் தவறு காண நான் வரவில்லை. அந்த அரசாங்கத்தின் சம்பளத்தில்தான் நானும் வாழ்ந்தேன். ஆனால் விளைவு என்ன? கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னை வண்டலூர் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே மூன்று கார். ஃபியட்டுக்குப் பதிவு செய்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய காரை யாரும் அஞ்சு வருடத்தில் மாற்றவில்லை. இருபது, இருபத்தைந்து வருடம் ஓட்டினார்கள். நம் கடற்காற்றில் தகடு துருப்பிடிக்க அது தாராளமாகப் போதும்.

மூன்றாவது தேவை, கை. அதற்கு நம் பகுதியில் பஞ்சமே இல்லை. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள் கம்பெனி வந்தது. அறுபதுகளில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியில் விஜயந்தா டாங்கி செய்த கனரக வாகனத் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. தெருவுக்கு ஒரு வெல்டர், ஒரு ஃபிட்டர், ஒரு பெயிண்டர் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேறு வேலை எடுத்துச் செய்வார்கள்.

எங்கள் கார் கைமாறி வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1986இல் பட்டறையில் பெயிண்டுக்கு 3,500 ரூபாய் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 900. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பெயிண்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், பெயிண்ட் அடிக்கிறது ஒரு நாள். தேய்க்கிறது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை நீங்க பாத்துக்கிட்டா, அந்த ஒரு நாளை நான் பாத்துக்கறேன்."

ஹெரால்டு இதற்கென்றே பிறந்த கார். இங்கிலாந்தில் அதை உருவாக்கியபோது முழு பாடியாகச் செய்து தர ஆள் கிடைக்காததால், துண்டு துண்டாகச் செய்து தனிச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. கழற்றி வராந்தாவில் வைத்துக்கொண்டு தேய்த்தோம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு பூசி, பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 120, 220, 400 என்று நம்பர் ஏற ஏறத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும் என்று பெயிண்டர் சொல்லிக் கொடுத்தார். என் மனைவிக்குத்தான் அது முதலில் பிடிபட்டது. தோசைக்கல் பார்த்த கை.

நிறத்தை மாற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கும். மாற்றினால் ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டும். அதே இளம்பச்சை. மாதமும் பார்த்தோம். மழைக்கால ஈரத்தில் இந்தப் பெயிண்டை அடித்தால் வெள்ளை பூக்கும். தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. அதனால் மாசி மாதம். கண்ணாடிகளுக்குப் பழைய செய்தித்தாள், மைதாப் பசை. தூசி எழும்பாமலிருக்க வாசலில் தண்ணீர் தெளித்தோம். அன்று பக்கத்து வீட்டில் விறகடுப்புக்கூடப் பற்ற வைக்கவில்லை. வெர்ன் கதையின் வெடிபஞ்சல்லவா! ஒருநாள் வாடகைக்கு எடுத்த கம்ப்ரசரில் பெயிண்டர் ஆறு கோட்டு அடித்தார். மறுவாரம் ரப்பிங் காம்பவுண்டும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டுமாகத் தேய்த்தபோது முகம் தெரிந்தது. மொத்தச் செலவு பெயிண்டர் கூலியோடு 870 ரூபாய்.

ஆனால் கணக்கு எழுதிப் பழகியவனுக்கு ஒரு விஷயம் தெரியும். செலவு குறைந்தது என்றால் அது பெரும்பாலும் வேறு தலைப்புக்கு மாறியிருக்கும். 3,500 எப்படி 870 ஆயிற்று? ஒன்பது நாள் உழைப்பு எங்கள் வீட்டுக் கணக்கில் ஏறியது. மீதி ஏறியது பெயிண்டரின் நெஞ்சில். அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. தின்னர் ஆவியைத் துணி தடுக்காது. பழைய மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்கும். அதை உலர்வாகத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்று நம் நாட்டில் சட்டம் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதுவும் வீட்டுப் பெயிண்டுக்கே, வண்டிப் பெயிண்டுக்கு இல்லை.

இந்தக் காலம் முடிந்ததும் வந்த வழியிலேதான். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1998இல் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. கார் பஞ்சம் தீர்ந்தது. புதுக் கார்களின் பாடியை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி பிரைமரை ஒட்டவைத்து, உலையில் சுடுகிறார்கள். ஃபோர்டின் உலை திரும்பி வந்துவிட்டது. பட்டறைகளுக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பியூ பெயிண்ட் வந்தது. பளபளப்பும் ஆயுசும் அதிகம். ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பெயிண்ட் பூத்தும் சுத்தக் காற்று வரும் முகமூடியும் இல்லாமல் அதை அடிக்கவே கூடாது. வீட்டு வாசல் அதற்கு இடமில்லை.

பழைய ஸ்கூட்டரோ அம்பாசிடரோ வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல் யோசிக்கிறவர்கள் இன்றும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். கழற்றுவதையும் தேய்ப்பதையும் நீங்களே செய்யுங்கள். தண்ணீர் விட்டே தேயுங்கள். கூலியில் பெரும்பகுதி அங்கேதான் மிச்சமாகும். அடிக்கும் வேலையைப் பூத் இருக்கிற பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும்போது பேரம் பேசுங்கள், தவறில்லை. ஆனால் அடிக்கப்போகிற பையன் எதை மூக்கில் மாட்டிக்கொண்டு அடிக்கிறான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கைக்குட்டை என்றால், வேறு பட்டறை பாருங்கள்.