ஓய்வூதிய மேல்முறையீடு: கலெக்டர் மனுவிலிருந்து நீதிமன்றம் வரை

ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர் முதலில் அதிகாரியிடம் முறையிட வேண்டும், நீதிமன்றம் அதற்குப் பிறகுதான் என்பது ஆங்கிலேயர் காலத்து நடைமுறை. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள கட்டுமாவடிக் கடற்கரைக்கும் அது பொருந்தியது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும்வரை இப்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு வெளியே, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது.

அரசின் முடிவில் நீதிமன்றம் எவ்வளவு தலையிட முடியும் என்ற அக்கால நிலையைத் தஞ்சை அரண்மனை வழக்கு காட்டும். 1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது. அரசி காமாட்சி பாய் சென்னையில் அன்றிருந்த சுப்ரீம் கோர்ட்டில் வென்றார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அரசு தன் ஆட்சியதிகாரத்தால் செய்த செயலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது. பிறகு மன்னரின் மனைவியருக்குச் சொத்து திரும்பியது அரசின் முடிவால்தான்.

1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இதே போக்கில் அமைந்தது. அரசு வழங்கும் ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றம் வழக்கை ஏற்கக் கூடாது என்றது அதன் 4-ஆம் பிரிவு. கோரிக்கையைக் கலெக்டரிடம் வைக்கச் சொன்னது 5-ஆம் பிரிவு. கலெக்டர் சான்று தந்தால் வழக்கு நடக்கலாம் என்றது 6-ஆம் பிரிவு. அப்போதும் அரசு பணம் தரக் கட்டுப்பட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க முடியாது.

இந்தத் தடை சுதந்திர இந்தியாவில் தளர்ந்தது. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் தயவு அல்ல, ஊழியரின் உரிமை என்றது. நீதிப்பேராணை கேட்பதை 1871-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்காது என்றும் கூறியது. 1982 டிசம்பர் 17 அன்று வெளியான அதே நீதிமன்றத்தின் நகாரா வழக்குத் தீர்ப்பு அவ்வுரிமையை மேலும் உறுதி செய்தது. அந்நாளை ஓய்வூதியர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

உரிமை உறுதியான பிறகும், முதலில் அதிகாரியிடம் முறையிடும் கட்டாயம் நீங்கவில்லை. அரசு ஊழியர்களின் பணி வழக்குகளுக்கான 1985-ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம், துறைக்குள் உள்ள மேல்முறையீட்டு வழிகளை முடித்த பிறகே தீர்ப்பாயம் பொதுவாக மனுவை ஏற்கும் என்றது. ஆறு மாதம் பதில் வராவிட்டால் அந்த வழி முடிந்ததாகக் கொள்ளப்படும். அதிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். சட்டத்தில் இடமில்லாத மனுக்களைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் இந்தக் கெடு நீளாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டு நிர்வாகத் தீர்ப்பாயம் 1988-இல் தொடங்கி 2006-இல் மூடப்பட்டதால், மாநில அரசு ஊழியர்களின் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பின.

அரசு வேலையில் இல்லாத மீனவருக்கும் உழவருக்கும் உரியது 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை. கட்டுமாவடியில் அது மறுக்கப்பட்டால் மனு மணமேல்குடி வட்ட அலுவலகத்திலிருந்து அறந்தாங்கி கோட்டாட்சியருக்கும், புதுக்கோட்டை கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் செல்லும். அங்கும் தீராதவை 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையை அடைகின்றன. 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்று தராமல் வழக்கையே தடுக்க முடிந்த கலெக்டர் அலுவலகம் இன்று நீதிமன்றத்துக்கு முந்தைய ஒரு படி.