கடைசிப் பக்கம் சுருங்கிய கதை: ஃபாரஸ்ட் கேட் மைதானமும் உள்ளூர்ப் பத்திரிகையும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது அரச ஆவணங்களையும் நிலப் பதிவுகளையுமே. ஆயினும் அவ்வூரில் வாழ்ந்த சாதாரண மக்களின் பெயர்கள் மிகுதியாகக் கிடைக்கும் இடம் வேறொன்று உண்டு. அது உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். தொழிற்சாலைத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும், பாடசாலைச் சிறுவனும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் தமது பெயரை அச்சில் கண்டது அப்பக்கத்திலேயே. பிரித்தானியாவின் பல ஊர்களில் அப்பக்கம் இன்று சுருங்கிவிட்டது. அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாம் இழப்பது யாது என்பதைக் கிழக்கு இலண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியைக் கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

ஒரு பழைய மைதானம்

ஃபாரஸ்ட் கேட்டில் அப்டன் லேன் வீதியை அண்டி ஓல்ட் ஸ்பொட்டட் டோக் என்னும் மைதானம் உள்ளது. அயலிலிருந்த பழைய மதுச்சாலையின் பெயரே மைதானத்துக்கும் வாய்த்தது. கிளப்டன் உதைபந்தாட்டக் கழகம் 1888 இல் இங்கு குடிபுகுந்தது. 1890 இல் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகருக்குச் சென்று விளையாடி, ஐரோப்பியப் பெருநிலத்தில் ஆடிய முதலாவது ஆங்கிலக் கழகம் என்ற பெயரையும் பெற்றது. ஊதியம் பெறாத ஆட்டக்காரருக்கான தேசியக் கிண்ணத்தை 1907, 1909, 1915, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இக்கழகம் வென்றது.

1908 ஆம் ஆண்டில் இக்கழகத்தில் சேர்ந்த இளைஞர் வோல்ற்றர் ரல். பார்படோஸ் தீவிலிருந்து வந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர், பெற்றோரை இழந்து பெத்னல் கிறீன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். கிளப்டனில் ஒரு பருவகாலம் ஆடியதும் 1909 இல் ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரிஸ்ரல் நகரில் நடைபெற்ற ஆட்டத்தில் பார்வையாளர் சிலர் அவரை நிறங்கூறி இழிவுபடுத்தினர். அன்று மைதானத்திலிருந்த ஒரு விளையாட்டு நிருபர் அந்த இழிசெயலை மறைக்காது எழுதினார்; ரல்லின் பண்பையும் ஆட்டத்தையும் பாராட்டினார். 1918 மார்ச்சில் ரல் பிரான்சியப் போர்முனையில் இராணுவ அதிகாரியாக உயிர்நீத்தார். பல தசாப்தங்கள் கடந்து அவருடைய வரலாறு மீட்கப்பட்டபோது, அந்த நிருபரின் செய்தியும் முக்கிய சான்றுகளில் ஒன்றாயிற்று. நிருபர் அங்கிருந்திராவிடில், ஓர் அநாதைச் சிறுவன் பட்ட அவமானமும் அவன் காத்த கண்ணியமும் காற்றோடு போயிருக்கும்.

பத்திரிகை இயங்கிய முறை

உள்ளூர் வாரப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் சிறு செலவிலேயே நடந்தது. கழகச் செயலாளர் தொலைபேசியில் ஆட்ட முடிவைத் தெரிவிப்பார். பகுதிநேர நிருபர் சிறு ஊதியத்துக்கு எழுதுவார். விளையாட்டு ஆசிரியர் அவற்றைத் தொகுப்பார். பெருநகரங்களில் சனி மாலையே உதைபந்தாட்ட முடிவுகளைத் தாங்கிய தனி இதழ்கள் இளஞ்சிவப்பு, பச்சைத் தாள்களில் வெளிவந்தன.

இச்செலவைத் தாங்கியது விளம்பர வருவாயே. வீடு, வாகனம், வேலைவாய்ப்பு ஆகிய மூன்று வகைச் சிறுவிளம்பரங்களே உள்ளூர்ப் பத்திரிகையின் முதுகெலும்பு. 2000 ஆம் ஆண்டின் பின்னர் அம்மூன்றும் இணையத்துக்குப் பெயர்ந்தன. 2008 இன் பொருளாதார நெருக்கடி எஞ்சியதையும் அரித்தது. 2019 இல் வெளியான கெயர்ன்குறொஸ் அறிக்கையின்படி, பிரித்தானியாவில் 2007 இல் ஏறத்தாழ 23,000 ஆக இருந்த முழுநேர ஊடகவியலாளர் தொகை பத்தாண்டுகளில் 17,000 ஆகக் குறைந்தது.

விளம்பரம் குறைந்தால் பக்கம் குறையும். பக்கம் குறைந்தால் முதலில் விழுவது சிறு கழகங்களின் செய்தி. பகுதிநேர நிருபருக்கான ஊதியம் நிறுத்தப்படும், படப்பிடிப்பாளர் விலக்கப்படுவார், ஒரு விளையாட்டு ஆசிரியரே பல பத்திரிகைகளைக் கவனிக்க நேரும். பெருங்கழகச் செய்தியை இலட்சக்கணக்கானோர் படிப்பர். ஃபாரஸ்ட் கேட்டின் சனிக்கிழமை ஆட்டத்தைச் சில நூறு பேரே தேடுவர். கணக்கு நோக்கில் முடிவு எளிது. சனி மாலை இதழ்களுள் பேர்மிங்ஹாமின் இதழ் 2006 இலும், ஷெஃபீல்டின் இதழ் 2013 இலும், சவுத்ஹாம்ப்ரனின் இதழ் 2017 இலும் நின்றுபோயின.

நியூஹாம் பிரிவு 1965 இல் உருவாகிய பின்னர் இப்பகுதிச் செய்திகளைத் தாங்கி வந்த 'நியூஹாம் ரெக்கோடர்' பத்திரிகையும் இந்தச் சுழலுக்குத் தப்பவில்லை. அதன் உரிமையாளரான ஆர்ச்சன்ட் நிறுவனம் 2020 இல் முதலீட்டு நிறுவனமொன்றின் கைக்கும், 2022 இல் நியூஸ்குவெஸ்ட் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. நாடளாவிய நூற்றுக்கணக்கான பெயர்களுள் ஒன்றாக ஓர் ஊரின் பத்திரிகை மாறியபின், அவ்வூரின் சிறு மைதானம் தலைமையகத்தின் கண்ணுக்குத் தெரிவது அரிது.

பெரும் பத்திரிகைகளும் விதிவிலக்கல்ல. 2023 இல் நியூயோர்க் ரைம்ஸ் தனது விளையாட்டுப் பிரிவையே கலைத்தது. இலண்டனின் ஈவினிங் ஸ்ராண்டர்ட் 2024 இல் நாளிதழ் என்னும் நிலையிலிருந்து வார இதழாயிற்று. உள்ளூர்ச் செய்தியைக் காக்க பீ.பீ.சி. நிதியில் 2018 முதல் நிருபர்கள் அமர்த்தப்பட்டது நற்செயலே. ஆனால் அவர்களுடைய பணி நகரசபைகளையும் பொது அமைப்புகளையும் கண்காணிப்பது. விளையாட்டு அதில் அடங்கவில்லை.

எழுதுகோல் கைமாறியது

2012 இன் பின்னர் கிளப்டன் ஆட்டங்களுக்குப் புதிய ஆதரவாளர் கூட்டம் திரண்டது. கழக நிருவாகத்தோடு பிணக்கு முற்றியதும், 2018 இல் ஆதரவாளர்கள் கிளப்டன் சமூக உதைபந்தாட்டக் கழகம் என்னும் புதிய அமைப்பை நிறுவினர். 2020 இல் பழைய மைதானத்தின் உரிமையையும் வாங்கினர். ஆட்ட விபரங்களையும் படங்களையும் ஆதரவாளர்களே வெளியிடுகின்றனர். இது போற்றத்தக்கது. எனினும் ஒரு குறை உண்டு. கழகம் தன்னைப்பற்றித் தானே எழுதும்போது வெற்றி விரியும், தவறு மறையும். பிரிஸ்ரல் மைதானத்தில் நடந்ததைப் பதிவதற்கு, எந்தக் கழகத்துக்கும் கட்டுப்படாத ஒருவர் தேவைப்பட்டார். மேலும், இணையத்தில் உள்ளது நிலைத்தது என எண்ணுவது தவறு. பராமரிப்பார் இல்லாத தளம் ஒருநாள் மறைந்துபோகும்.

நாம் அறிந்த இழப்பு

இவ்விழப்பு எமக்குப் புதியதன்று. 1981 யூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையானது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடையாது, கிடைத்த தாளிலே குறைந்த பக்கங்களுடன் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் வெளிவந்தன. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரின் பழைய ஓட்ட விபரங்களைத் தேடுவோருக்கு, எரிந்த தாள்களின் பெறுமதி விளங்கும். அங்கே தீயும் தடையும் செய்ததை இங்கே கணக்கேடு ஓசையின்றிச் செய்கின்றது. அங்கு அழித்தவர் யாரென்று கேட்க முடிந்தது. இங்கு ஒருவரையும் சுட்ட முடியாது.

இலண்டனில் எமது பழைய மாணவர் சங்கங்கள் கோடைதோறும் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் நடத்துகின்றன. அவற்றை ஆங்கிலப் பத்திரிகை எழுதுமென எதிர்பார்த்த காலமும் போயிற்று. ஆகவே பொறுப்பு எம்முடையதே. ஒவ்வொரு சங்கமும் ஓட்டப் பதிவேட்டைப் பேணட்டும். ஆட்டக்காரரின் முழுப்பெயர், திகதி, மைதானம் ஆகியன தவறாது எழுதப்படட்டும். சமூகப் பத்திரிகைகள் முடிவுகளைச் சுருக்கமாகவேனும் அச்சிடட்டும். தோல்வியையும் தகராற்றையும் ஒளியாது எழுதட்டும். இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு பத்திரிகையின் பிரதியும் பிரித்தானிய நூலகத்தைச் சேரவேண்டுமென்பது சட்டம். எந்த மொழிப் பத்திரிகைக்கும் அச்சட்டம் பொருந்தும். தமிழில் அச்சான ஓர் ஆட்ட முடிவும் அங்கே பாதுகாப்பாக இருக்கும்.

நூறாண்டின் பின் எவரேனும் இப்பகுதியின் வரலாற்றை எழுத முனையும்போது, எமது பிள்ளைகளும் இம்மண்ணில் பந்து உதைத்தார்கள் என்பதற்கு அத்தாளே சாட்சி கூறும்.