மலைச்சரிவு ஜீப்பின் இரண்டாவது பெட்டி

நிலக்கோட்டை மல்லிகைக் கூடைகள் சமவெளிச் சாலையில் எந்த வண்டியிலும் சௌகரியமாகப் பிரயாணம் செய்யும். ஆனால் வத்தலக்குண்டுக்கு அப்பால் கீழ்ப்பழனி மலையேறி, தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கத்துத் தோட்டங்களின் மண்பாதைகளில் காப்பி மூட்டை இறக்கிவர, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பே உசிதம். 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்கென வார்க்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பை, மகாயுத்தம் ஓய்ந்தபின் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் பூட்டத் தொடங்கினர். கியர் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்பைசர் 18 என்னும் டிரான்ஸ்ஃபர் கேஸே அதன் ஜீவநாடி. சங்கிலியின்றிப் பற்சக்கரங்களாலேயே இயங்கும் அந்த இரும்புப் பெட்டி, எஞ்சினின் பலத்தை இரு அச்சுகளுக்கும் பங்கிடுவதோடு, லோ கியரில், ராணுவ வண்டியில் ஏறக்குறைய இரு மடங்கும், பின்வந்த சிவில் வண்டியில் 2.46 மடங்கும் இழுவையைப் பெருக்கியது.

மாற்றுப் பெட்டி தேடுவோர் இந்த விகிதத்தை மாத்திரம் கண்டு மயங்குவது அவிவேகம். ஸ்பைசர் 18-இன் பின்பக்கத் தண்டு நடுவிலன்றி ஒரு பக்கம் ஒதுங்கியே வெளிவருகிறது. பிற்காலத்து டேனா 20 டிரான்ஸ்ஃபர் கேஸோ அத்தண்டை நடுவில் விடுவதால், அதை மாட்டத் துணிந்தவர் பின்னச்சையும் மாற்ற நேரிடும், பணப்பை அப்போதுதான் உண்மையில் அழும். மேலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முதற்பற்சக்கரம் கியர் பெட்டியின் மெயின் ஷாஃப்ட் நுனியிலேயே அமர்வதால், அங்கேயுள்ள ஸ்பிளைன் வரிகள் பொருந்தாதது தெரிந்தபின் வாதாடிப் பிரயோஜனமில்லை.

என் அபிப்பிராயத்தில், தேய்ந்த பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றிப் பழையதையே ஓட்டுவது மேல். வாங்கத்தான் வேண்டுமெனில், ஆதியில் முக்கால் அங்குலமாயிருந்து பிற்பாடு ஒன்றேகால் அங்குலம் வரை தடித்த இடைத்தண்டு உள்ள பெட்டியையே கேட்டு வாங்க வேண்டும்.