தோளும் துப்பாக்கியும்: 1857 தில்லிப் போர் குறித்து ஒரு குறிப்பு

1857 எழுச்சியை ஆராய்ந்தோர் என்ஃபீல்டுத் தோட்டாவின் கொழுப்பை விரிவாகப் பேசினர். துப்பாக்கியைத் தாங்கிய தோளை அரிதாகவே நோக்கினர். இன்றைய கரோல் பாக்கிற்கு அணித்தான கிஷன்கஞ்சில் 1857 செப்டம்பர் 14 அன்று மேஜர் ரீடின் படைப்பிரிவு பின்வாங்கியது. எதிர்நின்ற வங்காளப் படைச் சிப்பாய்களுள் பெரும்பாலோர்க்கு என்ஃபீல்டு வழங்கப்பட்டிருக்கவில்லை. அவர்கள் பழகியது உட்புரியற்ற மஸ்கட்டு. அதன் குழல்வாய் ஏறத்தாழ .75 அங்குலம், மருந்தும் மிகுதி, உதைப்பும் மிகுதி. என்ஃபீல்டிற்கோ .577 அங்குல வாய், 68 கிரெயின் மருந்து, 530 கிரெயின் குண்டு. ஆகவே, வெறுக்கப்பட்ட புதிய கருவியே தோளுக்கு இதமானது!

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் அடிக்கட்டை தோளெலும்பில் படாது, கழுத்தெலும்பிற்குக் கீழுள்ள தசைக்குழியில் இறுகப் பொருந்த வேண்டும். இடைவெளி விடின் உதைப்பு அடியாக விழும். சுடச்சுடக் குழலில் கரி படிவதால் குண்டு இறுகும், உதைப்பும் கூடும். வளைந்து தாழ்ந்த கட்டை, தலையை மிகச் சாய்க்காமலே கண்ணைக் குறிக்கு நேராக்கும். முகலாயர் காலத் 'தோராதார்' எனும் திரித்துப்பாக்கிக்கு அவ்வளைவில்லை. அதன் கட்டை நேரானது, ஒடுங்கியது. எனினும் அதனைக் குறையுடைய படைப்பெனல் பொருந்தாது. நீண்டு கனத்த குழல் உதைப்பின் பெரும்பகுதியைத் தானே ஏற்றது.